நேற்றைய ரொட்டிக்கு என்ன விலை?

சந்தையின் மிகக் குறுகிய காலத்தை விளக்கப் பொருளியலாளர் ஆல்ஃப்ரெட் மார்ஷல் கையாண்ட எடுத்துக்காட்டு மீன் சந்தை. காலையில் கரைக்கு வந்த மீன் எவ்வளவோ அவ்வளவுதான் அன்றைய அளிப்பு. அதைக் கூட்டவும் முடியாது, நாளைக்கு ஒத்திப்போடவும் முடியாது. எனவே, விலையைத் தீர்மானிப்பது அன்றைய தேவை மட்டுமே. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வகுப்பறையில் இந்த எடுத்துக்காட்டைச் சொல்லிவந்த எனக்கு, ஓய்வுபெற்றுப் பாகலூரில் குடியேறிய பிறகு ஒன்று புலப்பட்டது. கடலுக்கு வெகு தொலைவிலுள்ள இவ்வூரிலும் மார்ஷலின் மீன்கள் உண்டு. அவை ரொட்டி, காய்கறி, இறைச்சி.

ஓசூருக்கு அருகே, கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கிறது பாகலூர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடைவாசலில் ஒலிக்கும் ஊர். சுற்றுவட்டாரத்தில் பசுமைக்குடில்களில் ரோஜாவும் குடைமிளகாயும் விளைகின்றன. திறந்த நிலத்தில் முட்டைக்கோஸ், தக்காளி, பீன்ஸ், கேரட். இந்தப் பக்கம் ஓசூர்த் தொழிற்பேட்டைகள். அந்தப் பக்கம் பெங்களூருவின் விளிம்பு. மூன்று ஷிஃப்டுகளில் இயங்கும் ஆலைகளின் தொழிலாளர்களுக்குத் தேநீரும் பன்னும் கொடுத்துத் தாங்கி நிற்பவை சாலையோர அடுமனைகள். இவ்வளவும் விளைகிற, உற்பத்தியாகிற இடத்தில், பொழுது சாய்ந்ததும் விலை இழக்கும் உணவுப் பொருள்களும் ஏராளம்.

விலை இழந்த இந்த மூன்றையும் ஒரே தட்டில் சேர்த்து, மீண்டும் மதிப்புள்ள ஒன்றாக மாற்றும் உணவு ஒன்று உண்டு. ஆங்கிலேயர் அதை ‘ஸ்டஃபிங்’ என்பார்கள். பழைய ரொட்டித் துண்டுகளுடன் சாசேஜையும் காய்கறிகளையும் கலந்து, சாறு ஊற்றி, ஓவனில் சுட்டெடுக்கும் கார உணவு அது. அதன் செய்முறையையும், அதற்குப் பின்னுள்ள அறிவியலையும் பொருளியலையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூரணமாக வந்த ரொட்டி

பறவையின் வயிற்றுக்குள் ரொட்டியையும் மூலிகைகளையும் அடைத்துச் சுடுவது ஐரோப்பிய வழக்கம். அடைக்கப்படுவதால் அதற்கு அந்தப் பெயர். நம் கொழுக்கட்டையில் மாவு வெளியே, பூரணம் உள்ளே. அங்கே இறைச்சி வெளியே, ரொட்டியே பூரணம். பின்னர் பறவையை விட்டுவிட்டு, தனித் தட்டிலேயே சுட்டெடுக்கும் முறையும் பரவியது. பறவையின் உட்பகுதி போதிய வெப்பத்தை எட்டுவதற்குள் வெளிச்சதை உலர்ந்துவிடும் என்பதால், தனியே சுடுவது பாதுகாப்பானதும்கூட.

இது நமக்கு முற்றிலும் அயலான உணவன்று. 1809-ஆம் ஆண்டு பெங்களூருவில் பிரிட்டிஷ் ராணுவக் குடியிருப்பு நிறுவப்பட்டதைத் தொடர்ந்து ரொட்டியும் சாசேஜும் இப்பகுதிக்குப் பழக்கமாயின. 1882-இல் ஆங்கிலோ-இந்தியர்களுக்கென உருவாக்கப்பட்ட ஒயிட்ஃபீல்டு குடியிருப்பு, இன்று தகவல் தொழில்நுட்ப நகரமாகிவிட்டது. எல்லையைத் தாண்டினால் பாகலூரிலிருந்து அதிகத் தொலைவில்லை. ஆங்கிலோ-இந்திய வீடுகளின் கிறிஸ்துமஸ் விருந்தில் இத்தகைய ரொட்டிப் பூரணத்துக்கு இன்றும் இடமுண்டு.

இதற்கு இணையாக இன்னொரு மரபும் வளர்ந்தது. ஹாசன் பகுதியிலிருந்து வந்த ஐயங்கார் சகோதரர்கள் 1898-இல் பெங்களூரு சிக்பேட்டையில் தொடங்கிய பி.பி. பேக்கரி, ஐயங்கார் பேக்கரி மரபின் முன்னோடி எனக் கருதப்படுகிறது. அயல்நாட்டு ரொட்டி மாவில் வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, சில கடைகளில் சதகுப்பைக் கீரை ஆகியவற்றைப் பிசைந்து சுட்ட ‘காரா பன்’ அந்த மரபின் கொடை. இன்று ஓசூர், பாகலூர் அடுமனைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் அது கட்டாயம் இருக்கும். ரொட்டியும் காய்கறியும் காரமும் சேர்வதை இம்மண்ணின் நாக்கு நூறாண்டுக்கும் மேலாக அறியும்.

பழையதைப் புதிதாக்கும் கலையும் நமக்குப் புதிதன்று. மிஞ்சிய இட்லி உப்புமாவாகிறது. மிஞ்சிய பரோட்டா கொத்தாகிறது. மிஞ்சிய சோறு நீரூற்றப்பட்டு மறுநாளுக்கான உணவாகிறது. ரொட்டிப் பூரணம் இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டிய உணவு.

பழையதாதல் வேறு, கெட்டுப்போதல் வேறு

ரொட்டி ஏன் ஒரே நாளில் விறைத்துப்போகிறது? ஈரம் ஆவியாகிவிடுவதால் என்றுதான் பலரும் எண்ணுகிறோம். இது உண்மையன்று என்பதை 1852-இல் பிரெஞ்சு வேதியியலாளர் பூசிங்கோ நிறுவினார். காற்றுப் புகாதபடி அடைத்துவைத்த ரொட்டியும், சிறிதும் ஈரம் இழக்காமலேயே, விறைத்துப்போவதை அவர் காட்டினார். அதை மீண்டும் சூடாக்கினால் மென்மை திரும்புவதையும் காட்டினார்.

சுடும்போது மாவுச்சத்தின் துகள்கள் நீரை உறிஞ்சி இளகுகின்றன. ஆறியபின் அதே மாவுச்சத்து மூலக்கூறுகள் மெல்ல ஒழுங்காக அடுக்கப்பட்டுப் படிகமாகின்றன. ரொட்டி விறைப்பதன் முதன்மைக் காரணம் இதுவே. குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலையில் இந்த மாற்றம் இன்னும் விரைவாக நிகழ்கிறது. ஆகவே, மென்மையைக் காக்கவேண்டி ரொட்டியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது எதிர்விளைவையே தரும். பூஞ்சை வளர்வதைத் தள்ளிப்போட மட்டுமே அது உதவும்.

ஆக, விறைத்துப்போன ரொட்டி கெட்டுப்போன ரொட்டியன்று. அதில் சத்து குறையவில்லை; நச்சு சேரவில்லை; வடிவம் மட்டுமே மாறியிருக்கிறது. ஆனால், சந்தை இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. விரலால் அழுத்திப் பார்க்கிறது. மெத்தென்று இல்லையேல் ஒதுக்கிவிடுகிறது. விறைப்புக்கும் கெடுதலுக்கும் இடைப்பட்ட இந்த இரண்டு மூன்று நாள் அவகாசத்தைப் பயன்படுத்திக்கொள்வதில்தான் ரொட்டிப் பூரணத்தின் சூட்சுமம் இருக்கிறது. புது ரொட்டியில் இதைச் செய்தால், சாறு ஊற்றியதும் களியாகிவிடும். உலர்ந்த ரொட்டியோ சாற்றை உறிஞ்சிய பின்னும் உருக்குலையாமல் நிற்கும். அன்று காலை குறையாகப் பார்க்கப்பட்டதே இங்கே தகுதியாகிறது.

ஒரு எச்சரிக்கை மட்டும் அவசியம். ஓரிடத்தில் பூஞ்சை தெரிந்தாலும் அந்த ரொட்டி முழுவதையும் எறிந்துவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியும் பகுதியை வெட்டி எடுப்பதால் பயனில்லை. மென்மையான ரொட்டிக்குள் பூஞ்சை இழைகள் ஊடுருவியிருக்கும்.

செய்முறையும் காரணங்களும்

ஆறு பேருக்கு ஏற்ற அளவு இது: கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 400 கிராம் ரொட்டி ஒன்று, கோழி அல்லது பன்றி இறைச்சி சாசேஜ் 250 கிராம், வெங்காயம் 200 கிராம், கேரட், முட்டைக்கோஸ், குடைமிளகாய் தலா 100 கிராம், வெண்ணெய் 50 கிராம், முட்டை இரண்டு, கோழி எலும்போ காய்கறித் தண்டுகளோ வேகவைத்து வடித்த சாறு 400 மில்லிலிட்டர். இவற்றுடன் பூண்டு ஆறு பல், மிளகுத்தூள், சிறிது ஓமம், நாலைந்து கற்பூரவள்ளி இலைகள், கொத்தமல்லித் தழை.

மேலைநாட்டுச் செய்முறைகளில் ‘தைம்’ என்ற மூலிகை இடம்பெறும். அதன் மணத்துக்குக் காரணமான தைமால் என்ற வேதிப்பொருளே நம் ஓமத்தின் மணத்துக்கும் காரணம். எனவே, ஓமம் இங்கே சமரசமன்று, சரியான பதிலியே.

முதலில் ரொட்டியை ஓரத்துடன் விரற்கடை அளவுத் துண்டுகளாக வெட்டி, 120 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் உலர்த்த வேண்டும். நிறம் மாறத் தேவையில்லை, உலர்ந்தால் போதும். நல்ல வெயிலில் மெல்லிய துணியால் மூடி உலர்த்தினாலும் சரியே.

அடுத்து, சாசேஜைத் துண்டுகளாக்கி வாணலியில் சிவக்க வதக்க வேண்டும். நம் கடைகளில் உறைநிலையில் விற்பவற்றுள் பல ஏற்கெனவே வேகவைக்கப்பட்டவை, சில பச்சையானவை. உறையில் எழுதியிருப்பதைப் படித்து அதற்கேற்ப வேகவைக்க வேண்டும். சாசேஜில் உப்பு கணிசமாக இருக்கும் என்பதால், உப்பைக் கடைசியில் சுவைத்துப் பார்த்துச் சேர்ப்பதே நல்லது. வதங்கியதை எடுத்துவிட்டு, அதே வாணலியில் வெண்ணெயை இட்டு வெங்காயம், பூண்டு, கேரட், முட்டைக்கோஸ், குடைமிளகாய் என்ற வரிசையில் வதக்க வேண்டும். அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பு நிறப் படிவை எறிந்துவிடக் கூடாது. இறைச்சியின் புரதமும் சர்க்கரையும் வெப்பத்தில் வினைபுரிந்து உண்டான மணம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. சாற்றில் ஒரு கரண்டி ஊற்றிச் சுரண்டினால் அது காய்கறியோடு கலந்துவிடும்.

காய்கறிகளைத் தனியே வதக்குவதற்குக் காரணம் உண்டு. ஓசூர்ப் பகுதி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஈரமான கலவை ஓவனுக்குள் இருந்தாலும் அதன் உட்பகுதி அந்த வெப்பத்தைத் தாண்டாது. பச்சைக் கேரட்டை அப்படியே சேர்த்தால் ரொட்டி தயாராகும்போதும் கேரட் கடினமாகவே இருக்கும்.

பிறகு ரொட்டி, சாசேஜ், காய்கறி, தழைகளைக் கலந்து, முட்டையை அடித்துச் சேர்த்த இளஞ்சூட்டுச் சாற்றைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். சாறு கொதிக்கும் நிலையில் இருந்தால் முட்டை திரிந்துவிடும். பத்து நிமிடம் ஊறியபின் ஒரு துண்டைப் பிழிந்து பார்த்தால் ஈரம் தெரிய வேண்டும். சாறு சொட்டக் கூடாது. வெண்ணெய் தடவிய தட்டில் அழுத்தாமல் பரப்பி, மேலே மூடி, 180 டிகிரியில் 25 நிமிடமும், மூடியை அகற்றி மேலும் 20 நிமிடமும் சுட வேண்டும். முதல் கட்டத்தில் நீராவி உட்பகுதியை வேகவைக்கிறது. இரண்டாம் கட்டத்தில் மேற்பரப்பு உலர்ந்து மொறுமொறுப்பாகிறது. நடுப்பகுதி 74 டிகிரியை எட்டியிருந்தால் முட்டையும் இறைச்சியும் பாதுகாப்பாக வெந்துவிட்டன எனக் கொள்ளலாம்.

ஓவன் இல்லாத வீடுகளில் கேக் செய்வதுபோல, குக்கரின் அடியில் உப்போ மணலோ பரப்பி, வெயிட் போடாமல் சுடலாம்; மேற்பரப்பு மட்டும் அவ்வளவு சிவக்காது. இறைச்சி உண்ணாதவர்கள் காளானை நன்கு சிவக்க வதக்கிச் சேர்க்கலாம். முட்டை வேண்டாதவர்களுக்கு, மசித்த உருளைக்கிழங்கு கலவையைப் பிணைத்து நிறுத்தும்.

இந்த அளவுகளைக் கூட்டிப் பாருங்கள். மொத்த எடையில் இறைச்சி ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கே. ஒருவருக்கு 42 கிராம். ஆனால், தட்டு முழுவதும் இறைச்சியின் மணம் இருக்கும். விலையுயர்ந்த பொருளை மசாலாவைப் போலவும், மலிவான பொருள்களை உடலாகவும் பயன்படுத்துவது சிக்கனச் சமையலின் பொது விதி.

அடுமனைக்காரரின் கணக்கு

இனி, வீட்டைத் தாண்டி அடுமனைக்கு வருவோம். நாளை எத்தனை ரொட்டி சுடுவது என்பதை அடுமனைக்காரர் இன்றே முடிவுசெய்ய வேண்டும். பொருளியலில் இதற்குப் ‘பத்திரிகை விற்பவரின் சிக்கல்’ என்று பெயர். மிஞ்சினால் நட்டம், குறைந்தால் வாடிக்கையாளர் வெறுங்கையோடு திரும்புவார்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கு: ஒரு ரொட்டி செய்ய 30 ரூபாய் செலவு, விற்பனை விலை 40 ரூபாய், மிஞ்சினால் மதிப்பு பூஜ்யம். ஒரு ரொட்டி கூடுதலாக விற்றால் லாபம் 10; மிஞ்சினால் நட்டம் 30. இந்நிலையில் அவருக்கு உகந்தது, நான்கு நாள்களில் மூன்று நாள் கையிருப்பு தீர்ந்துபோகும் அளவுக்குக் குறைவாகச் சுடுவது. மிஞ்சிய ரொட்டியைப் பூரணமாக்கி, காய்கறி, சாசேஜ், எரிவாயு, கூலி அனைத்தும் போக 20 ரூபாய் திரும்பக் கிடைக்குமானால், நட்டம் 10 ஆகக் குறைகிறது. அப்போது இரண்டு நாளில் ஒரு நாள் மட்டும் தீர்ந்துபோகும் அளவுக்குக் கூடுதலாகச் சுடுவது உகந்ததாகிறது.

இதன் பொருள் என்ன? இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து இரவில் வரும் தொழிலாளிக்கு ரொட்டி கிடைக்கும் வாய்ப்பு கூடுகிறது. மிச்சத்துக்கு ஒரு மறுவாழ்வு இருக்கும்போதுதான் விற்பவர் துணிந்து போதிய அளவு செய்கிறார். மிஞ்சும் ரொட்டியின் எண்ணிக்கை கூடவே செய்யும். ஆனால், அது குப்பைக்குப் போகாது. விரயத்தைக் குறைப்பதைக் காட்டிலும் இது பெரிய பயன் என்பேன்.

காய்கறிக்கும் இக்கணக்கு பொருந்தும். விலை சரியும் பருவத்தில் அறுவடைக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாது என்று முட்டைக்கோஸைத் தோட்டத்திலேயே உழுதுவிடுவதும், தக்காளியைச் சாலையோரம் கொட்டுவதும் இம்மாவட்டத்தார் அறியாத காட்சிகளல்ல. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இயங்கும் அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்ப நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தக்காளியில் மட்டும் 12 சதவீதத்துக்கும் மேல் அறுவடைக்கும் அதற்குப் பின்னரும் வீணாகிறது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024-ஆம் ஆண்டு அறிக்கை, 2022-இல் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு விரயமானதாகக் கணக்கிடுகிறது. அதில் 60 சதவீதம் வீடுகளில் நிகழ்ந்தது.

இந்த நட்டத்தை யார் சுமக்கிறார்கள் என்பதே முக்கியமான கேள்வி. பெரிய நிறுவனங்களின் விற்காத ரொட்டியை அந்நிறுவனங்களே திரும்பப் பெற்றுக்கொள்ளும் வழக்கம் பரவலாக உண்டு. அச்செலவு விலையில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். சிறு அடுமனைக்காரருக்கும் இரண்டு ஏக்கர் முட்டைக்கோஸ் விவசாயிக்கும் திரும்பப் பெற்றுக்கொள்ள யாருமில்லை. பொருளை உருமாற்றும் வசதி யாரிடம் இல்லையோ, அவர்கள் தலையில்தான் காலத்தின் நட்டம் வந்து விழுகிறது.

உருமாற்றத்துக்கு வரி

உருமாற்றத்தை நம் வரி அமைப்பு நெடுநாள் ஆடம்பரமாகவே நடத்திவந்தது. 2024 செப்டம்பரில் கோவையில் நடந்த கலந்துரையாடலில், பன்னுக்கு ஜிஎஸ்டி இல்லை, அதில் கிரீம் வைத்தால் 18 சதவீதம் என்று உணவக உரிமையாளர் ஒருவர் நிதியமைச்சரிடம் கூறியதும், அதைத் தொடர்ந்து எழுந்த சர்ச்சையும் வாசகர்கள் அறிந்தவையே. ரொட்டிக்கு வரி இல்லை. அதே ரொட்டி ரஸ்க் ஆனால் வரி உண்டு. இதுவே அப்போதைய நிலை. 2025 செப்டம்பர் 22 முதல் நடப்புக்கு வந்த மாற்றத்தில் கேக், பேஸ்ட்ரி வகைகளின் வரி 18-லிருந்து 5 சதவீதமாகவும், சாசேஜின் வரி 12-லிருந்து 5 சதவீதமாகவும் குறைந்தன. இது வரவேற்கத்தக்கது. எனினும், வரி குறைந்தால் மட்டும் பாகலூர் முட்டைக்கோஸ் ஓவனுக்குள் போய்விடாது.

தேவைப்படுவது மூன்று. முதலாவது, சிறு அடுமனைகளும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் பகிர்ந்து பயன்படுத்தத்தக்க ஓவனும் குளிர்பதன வசதியும். இரண்டாவது, உழவர் சந்தையில் மாலையில் மிஞ்சும் காய்கறியையும், வடிவம் கோணியதால் கழிக்கப்படும் கேரட்டையும் நியாய விலைக்கு அன்றே எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. மூன்றாவது, உணவுப் பாதுகாப்பில் தெளிவு: காலாவதி நாளுக்கு முன்பே ரொட்டியைப் பிரித்து உலர்த்துவது, செய்த நாளைப் பெட்டியில் எழுதுவது, சுட்டெடுத்ததைச் சூடாகவோ குளிர்பதனத்திலோ மட்டுமே வைப்பது. காலாவதியானதை விற்பனைக்கான உணவில் கலப்பது சட்டப்படி குற்றம். அதற்குச் சிக்கனம் என்ற பெயர் பொருந்தாது.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். ‘மிஞ்சியதை ஏழைத் தொழிலாளிக்குக் கொடுக்கச் சொல்கிறீர்களா?’ என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். மிஞ்சிய ரொட்டியை அப்படியே கையில் திணிப்பதற்கும், உழைப்பையும் அறிவையும் சேர்த்து அதை வேறொரு உணவாக்குவதற்கும் பெருத்த வேறுபாடு உண்டு. முன்னதில் பெறுபவரின் மதிப்பு குறைகிறது. பின்னதில் பொருளின் மதிப்பு கூடுகிறது. இதை அளக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது: நம் வீட்டு விருந்தினருக்கு அதைத் தயக்கமின்றிப் பரிமாறுவோமா? கிறிஸ்துமஸ் விருந்து மேசையில் இடம்பிடித்த ரொட்டிப் பூரணம் அந்தச் சோதனையில் தேறிய உணவு.

விலை என்பது பொருளுக்குள் உறைந்திருக்கும் குணமன்று. அதைக் கையில் வைத்திருப்பவருக்கு அடுத்து என்ன செய்ய முடியும் என்பதைப் பொறுத்தது. நேற்றைய ரொட்டிக்கு என்ன விலை என்ற கேள்விக்கு விடை ரொட்டியில் இல்லை. பாகலூரில் மாலை ஆறு மணிக்கு ஓர் ஓவனும், கழிக்கப்பட்ட கேரட்டை வாங்க ஒருவரும், இரண்டு மணி நேர உழைப்புக்குக் கூலியும் இருக்கின்றனவா என்பதில் இருக்கிறது.